எதிராளிக்கும் ஒரு பாத்தி

"நீங்க இயற்கையா, ரசாயனமா?" நகரத்துல இருந்து பேசுற நண்பர்கள் பெரும்பாலும் கேக்குற முதல் கேள்வி இதுதான். ஊரு எது, மண்ணு எப்படி, என்ன நெல்லு, தண்ணி எங்கிருந்து வருது என்றெல்லாம் யாரும் கேக்குறதில்லை. நான் எந்தக் கட்சி என்று தெரிஞ்சா போதும். எங்க ஊர் டீக்கடையும் இதுக்கு மேல் இல்லை. ஒரு பெஞ்சுல யூரியா கட்சி, இன்னொரு பெஞ்சுல பஞ்சகவ்யம் கட்சி. தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால் என்று இரண்டு பக்கமும் அடிச்சுப் பேசும். டீ ஆறிப் போகும், ஆனால் ஒருத்தருக்கும் புதுசா ஒண்ணும் தெரிஞ்சிருக்காது.

இந்தச் சண்டைக்கு வயசு நூற்றி எண்பதுக்கு மேல. அதை முதன்முதல்ல போட்டவங்களும் சாமானியமா திட்டிக்கலை. ஆனா அவங்கள்ல சில பேர் நம்ம டீக்கடையில நடக்காத ஒரு காரியத்தைச் செஞ்சாங்க. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதப் போறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் படித்தவர்கள் நம்பியது மட்கைத்தான். ஜெர்மனியில் ஆல்பிரெக்ட் டேயர் என்பவர் பெரிய வேளாண் ஆசான். மண்ணில் இருக்கும் மட்குதான் பயிரின் சாப்பாடு என்பது அவருடைய பாடம். எரு போட்டால் விளைகிறது, எரு மட்கி மண்ணாகிறது, ஆகவே செடி தின்பது அந்த மட்கை. கண்ணுக்கு நேரே நடப்பதை வைத்துச் சொன்னது என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

1840-இல் கீஸன் நகரத்து வேதியியல் பேராசிரியர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் ஒரு புத்தகம் போட்டு இதைத் தலைகீழாகப் புரட்டினார். செடியின் கரி காற்றிலிருந்து வருகிறது. மண்ணிலிருந்து அது எடுப்பது தாது உப்புகளை மட்டும்தான். செடியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் என்ன இருக்கிறதோ அதை நிலத்துக்குத் திருப்பிக் கொடுத்தால் போதும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், காற்றிலும் மழையிலும் இருக்கும் அம்மோனியாவிலிருந்து வந்துவிடும். இதுதான் அவர் வாதம். இதில் முதல் பாதி அப்பழுக்கில்லாத உண்மை. நம் நெல்லின் வைக்கோலில் இருக்கும் கரியில் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்ததுதான். இரண்டாவது பாதியில்தான் வம்பு தொடங்கியது.

அதே காலத்தில் இங்கிலாந்தில், லண்டனுக்கு வடக்கே ரோதம்ஸ்டெட் என்ற இடத்தில், ஜான் லாஸ் என்று ஒரு பண்ணையார் இருந்தார். எலும்புத்தூளைச் சில நிலத்துல போட்டா வேலை செய்யுது, சில நிலத்துல செய்யலையே, ஏன் என்று குடைந்துகொண்டிருந்தவர். எலும்பையும் பாஸ்பேட் பாறையையும் கந்தக அமிலத்தில் கரைத்து சூப்பர் பாஸ்பேட் செய்து 1842-இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டு ஹென்றி கில்பர்ட் என்ற இளம் வேதியியலாளரைத் துணைக்கு வைத்துக்கொண்டார். அந்த கில்பர்ட் முனைவர் பட்டம் வாங்கியது லீபிக்கிடம். மாணவனே குருவுக்கு எதிர் வரிசையில் போய் நிற்கும்படி ஆனது.

இவர்கள் என்ன செய்தார்கள்? 1843 இலையுதிர் காலத்தில் பிராட்பால்க் என்ற வயலில் கோதுமை விதைத்தார்கள். வயலை நீளநீளமான பாத்திகளாகப் பிரித்தார்கள். ஒன்றுக்கு ஏக்கருக்குப் பதினாலு டன் தொழுவுரம், நம்ம டிராக்டர் கணக்கில் நாலைந்து லோடு. இன்னொன்றுக்கு எதுவுமே கிடையாது. மற்றவற்றில், அடுத்தடுத்த வருஷங்களில் திருத்தித் திருத்தி, லீபிக் சொல்லும் தாது உப்பு மட்டும், தழைச்சத்து உப்பு மட்டும், இரண்டும் சேர்த்து என்று வகை பிரித்தார்கள்.

இதில் நான் நின்று யோசித்த இடம் ஒன்று உண்டு. லாஸ் உர வியாபாரி. தன் சரக்கு நல்லது என்று காட்ட அவருக்கு ஒரு பாத்தி போதும். ஆனால் தொழுவுரத்துக்கும் இடம் கொடுத்தார். தன்னைத் திட்டுகிற லீபிக்கின் கருத்துக்கும் இடம் கொடுத்தார். ஒன்றுமே போடாத வெறும் பாத்திக்கும் இடம் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் ஒரே மண், ஒரே மழை, ஒரே விதை. எதிராளியின் வாதத்தை ஓரத்தில், உவர் நிலத்தில் போட்டு, "பார், வரலை" என்று சொல்லவில்லை.

முடிவு என்ன? தாது உப்பு மட்டும் போட்ட பாத்தி, ஒன்றும் போடாத பாத்தியைவிடக் கொஞ்சம்தான் மேல். தழைச்சத்து உப்பும் சேர்ந்த பிறகுதான் கோதுமை நிமிர்ந்தது. காற்றிலிருந்து வருவது கோதுமைக்குப் போதாது என்று வயலே சொல்லிவிட்டது. லீபிக் ஒப்புக்கொள்ளவில்லை. 1850-களில் இரு தரப்பும் காகிதத்தில் கடுமையாக மோதிக்கொண்டன.

லீபிக் தன் பெயரில் 1845-இல் ஒரு உரமும் வெளியிட்டிருந்தார். மழையில் உப்பு கரைந்து ஓடிவிடும் என்று பயந்து, எளிதில் கரையாதபடி உருக்கிச் செய்த உரம் அது. கரையாத உரம் வேருக்கு எப்படிப் போகும்? படுதோல்வி. பிறகு 1850-இல் தாமஸ் வே என்ற இன்னொரு வேதியியலாளர், மண்ணே அம்மோனியாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று காட்டினார். பல வருஷம் கழித்து லீபிக்கும் அதை ஏற்று, தன் உரம் ஏன் தோற்றது என்று எழுதினார்.

இதோடு முடிந்திருந்தால் "லாஸ் ஜெயித்தார், லீபிக் தோற்றார்" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் ஒரு முள் தொண்டையில் நின்றது. அதுதான் பயறு.

பிரான்சில் ழான் பூசாங்கோ என்பவர் 1838-லேயே ஒன்றைக் கவனித்திருந்தார். கோதுமை, ஓட்ஸ் எல்லாம் கொடுத்த தழைச்சத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. ஆனால் தீவனப் பயறு வகையும் பட்டாணியும் எங்கிருந்தோ கூடுதலாகச் சேர்த்துக்கொள்கின்றன. எங்கிருந்து? காற்றிலிருந்துதான் என்றால் லீபிக் பக்கம் சாய்வது போல ஆகும். அதனால் இதைத் தீர்த்துக்கட்ட வேண்டும் என்று ரோதம்ஸ்டெட்டில் 1857, 58-இல் ஒரு சோதனை செய்தார்கள். லாஸ், கில்பர்ட்டோடு இவான் பியூ என்ற அமெரிக்க இளைஞரும் சேர்ந்துகொண்டார். மண்ணை நன்றாகச் சுட்டு, அதில் இருந்த தழைச்சத்தை எல்லாம் போக்கி, கண்ணாடி மூடிக்குள் செடி வளர்த்து, உள்ளே போகும் காற்றைக்கூடக் கழுவி அனுப்பினார்கள். அவ்வளவு சுத்தம். பயறு காற்றிலிருந்து ஒன்றும் எடுக்கவில்லை என்று முடிவு வந்தது.

சோதனையில் பொய் இல்லை, கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் வயலில் பயறு விதைத்த குடியானவன் கண்ட பலன் அப்படியே இருந்தது. பயறுக்குப் பின்னால் வரும் பயிர் நன்றாக வந்துகொண்டேதான் இருந்தது. சோதனைச் சாலை ஒன்று சொல்ல, வயல் வேறொன்று சொன்னது. ஏறக்குறைய முப்பது வருஷம் இந்த முரண் தீராமல் கிடந்தது.

தீர்த்தவர்கள் ஜெர்மனியில் ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்ற இருவர். 1886-இல் சொன்னார்கள். வெறும் மணல் தொட்டியில் ஓட்ஸ் போட்டால், கொடுத்த தழைச்சத்தின் அளவுக்குத் தக்கபடி வளர்கிறது. பட்டாணி அப்படி இல்லை. ஒன்றுமே கொடுக்காத தொட்டியில் சில செடி காய்ந்து போகிறது, பக்கத்தில் சில செடி செழித்து நிற்கிறது. செழித்த செடியின் வேரில் முடிச்சு இருக்கிறது. வயல் மண்ணைத் தண்ணீரில் கரைத்து அந்தத் தெளிவை ஊற்றினால் பட்டாணி எழுந்துகொள்கிறது. அதே தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினால் ஒன்றும் நடப்பதில்லை. அதாவது மண்ணில் உயிருள்ள ஏதோ ஒன்று வேரில் குடியேறி, காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிறது. இன்றைக்கு அதற்குப் பெயர் ரைசோபியம் பாக்டீரியா.

இப்போது திரும்பிப் பாருங்கள். ரோதம்ஸ்டெட்டில் மண்ணைச் சுட்டபோது அந்த உயிரும் செத்துப்போனது. சுத்தம் பண்ணினதில்தான் விடை போய்விட்டது. காற்றிலிருந்து வரும் என்ற லீபிக்கின் பேச்சில் ஒரு துளி உண்மை இருந்தது, ஆனால் அவர் சொன்ன வழியில் இல்லை. கோதுமைக்குப் போதாது என்ற லாஸின் பேச்சும் சரி, ஆனால் எல்லாப் பயிருக்கும் அல்ல. மண்ணில் உயிர் இருக்கிறது, அது முக்கியம் என்ற பழைய மட்குக் கட்சிக்காரர்களின் உள்ளுணர்வும் காரணம் தெரியாமலே ஓரளவு சரிதான்.

இந்தச் செய்தி வந்தபோது லாஸுக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, கில்பர்ட்டும் எழுபதை எட்டிக்கொண்டிருந்தார். ஒரு வாழ்நாள் முழுக்க எதிர்த்த கருத்து. அந்த வயதில் "அதெல்லாம் நாங்க அப்பவே பார்த்தாச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் 1888-இல் தங்கள் இடத்திலேயே அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். ஹெல்ரீகல் சொல்வது சரி என்று அச்சிலும் போட்டார்கள். எதிர்க்கருத்துக்கு வயலில் இடம் கொடுத்துப் பழகியவர்களுக்குக் கடைசியில் தங்கள் மனதிலும் இடம் கொடுக்க முடிந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

சரி, இதெல்லாம் வெள்ளைக்காரன் வயல் கதை, நமக்கென்ன என்று கேக்கலாம். அடுத்த காட்சி நம்ம நாடுதான்.

1889 டிசம்பரில் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற வேளாண் வேதியியலாளரை பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்கு அனுப்பியது. இந்திய விவசாயம் பின்தங்கியது, அதை வேதியியலால் எப்படித் திருத்தலாம் என்று சொல்ல வேண்டும். அதுதான் அவருக்குக் கொடுத்த வேலை. அதற்கு முன்பே சென்னை சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை வைத்து, சீமைக் கலப்பையும் சீமைக் கருவியும் கொண்டு வந்து காட்டியிருந்தார்கள். இங்குள்ள குடியானவர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் கலப்பையையே தூக்கிக்கொண்டு போனார்கள். "மூடப் பழமை" என்று அதிகாரிகள் எழுதினார்கள்.

வோல்க்கர் ஒரு வருஷத்துக்கு மேல் நாடு முழுக்கச் சுற்றினார். 1893-இல் வந்த அவருடைய அறிக்கை, அனுப்பியவர்கள் எதிர்பார்த்த மாதிரி இல்லை. இங்குள்ள நல்ல உழவன் சராசரி ஆங்கிலேய உழவனுக்குச் சளைத்தவன் இல்லை, சில விஷயத்தில் அவனைவிட மேல் என்று எழுதினார். சாணத்தை எருவாக்காமல் எரிக்கிறார்களே என்று குறை சொல்பவர்களுக்கும் பதில் சொன்னார். அறியாமையால் எரிக்கவில்லை, விறகு இல்லாததால் எரிக்கிறார்கள், விறகுக்குக் காடு வளர்த்துக் கொடுங்கள் என்றார். திருத்த வந்தவர் முதலில் "இவன் ஏன் இப்படிச் செய்கிறான்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விதான் வித்தியாசம்.

இன்னொருவர் ஆல்பர்ட் ஹோவர்டு. 1905-இல் பீகாரில் உள்ள பூசாவுக்கு அரசுத் தாவரவியலாளராக வந்தார். இந்திய உழவர்களையும் பூச்சிகளையுமே தன் ஆசிரியர்களாக எடுத்துக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னவர். 1924 முதல் இந்தூரில் மட்கு உரம் செய்யும் முறையை வகுத்தார். 1940-இல் அவர் எழுதிய புத்தகம், தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்தைத் தவிர வேறெதையும் பார்க்காத அறிவியலைப் போட்டுத் தாக்கியது. இன்றைய இயற்கை விவசாயம் பேசுபவர்கள் பலருக்கு மூலம் அவர்தான். அவரும் வேதியியல் படித்த கேம்பிரிட்ஜ் ஆள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண் பள்ளி 1906-இல் கோயம்புத்தூருக்குப் போனது. இன்றைக்கு அது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். அங்கே 1909-இல் ரோதம்ஸ்டெட் பாணியில் ஒரு நிரந்தர உரச் சோதனை வயல் ஆரம்பித்தார்கள். தொழுவுரம் ஒரு பாத்தி, ரசாயன உரம் வகைவகையாக, ஒன்றும் போடாதது ஒன்று. நூறு வருஷத்துக்கு மேல் கண்ட வயல் அது. கோவைக்காரங்களே எத்தனை பேருக்கு இது தெரியும்? நம்ம சண்டைக்கான சாட்சி நம்ம ஊரிலேயே நின்னுக்கிட்டு இருக்கு.

பிராட்பால்க் வயலும் இன்னும் இருக்கிறது. அதன் கணக்கை எடுத்தால் இரண்டு பெஞ்சுக்கும் இனிப்பும் உண்டு, கசப்பும் உண்டு. தொழுவுரம் இல்லாமல் உப்பு உரம் மட்டும் சரியான அளவில் போட்ட பாத்தி, தொழுவுரப் பாத்திக்கு ஏறக்குறைய இணையாகப் பல தலைமுறை விளைந்திருக்கிறது. "ரசாயனம் போட்டா பத்து வருஷத்துல மண்ணு மலடு" என்று மேடையில் பேசுபவர்களுக்கு இது கசப்பு. அதே நேரம், தொழுவுரப் பாத்தியின் மண்ணில் கரிமச் சத்து இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. "எருவுல என்ன சார் இருக்கு, எல்லாம் சக்கை" என்பவர்களுக்கு இது கசப்பு. பிற்காலத்தில் அதிக மகசூல் ரகங்கள் வந்த பிறகு, தொழுவுரத்தோடு அளவாகத் தழைச்சத்து உப்பும் சேர்த்த பாத்தி முந்திக்கொண்டது. இரண்டு பெஞ்சும் இதைப் பேசுவதில்லை.

இதெல்லாம் வெறும் அறிவு விளையாட்டு இல்லை. ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு ஒரு தேசம் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்று பக்கத்திலேயே பார்த்தோம். 2021-இல் இலங்கை அரசு ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தியது. அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் அதற்குப் பின்னால் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. அதற்குள் பருவம் போய்விட்டது. நெல் விளைச்சல் விழுந்தது, அரிசியை வெளியிலிருந்து வாங்கினார்கள், தேயிலையும் அடி வாங்கியது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் இருக்கும் நம் உறவுக்காரர்களும் அதில் தப்பவில்லை. மறுபக்கம் நம் டெல்டாவைப் பாருங்கள். யூரியா மலிவு என்பதற்காக மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, பயிர் கரும்பச்சையாக நின்று, இலைச்சுருட்டுப் புழுவுக்கு விருந்து வைத்து, அதற்கு ஒரு மருந்து வாங்கி அடிக்கிறோம். இதுவும் ஒரு பக்கத்தை மட்டும் கேட்டதன் விலைதான். தினம் கொடுப்பதால் செய்தியாக வருவதில்லை.

என் வயல்ல மூணு பாத்தி தனியா விட்டிருக்கேன். ஒண்ணுல தொழுவுரமும் தக்கைப்பூண்டும். ஒண்ணுல ஊர் வழக்கப்படி யூரியா, டிஏபி, பொட்டாஷ். ஒண்ணுல எதுவும் இல்லை. மத்த ரெண்டையும் புரிஞ்சுக்கிறவங்க அந்த மூணாவதைப் பார்த்துச் சிரிப்பாங்க. "சும்மா கிடக்குற நிலத்துக்குக் களையெடுப்பு வேறயா?" என்பாங்க. ஆனா அது இல்லேன்னா மத்த ரெண்டும் எவ்வளவு கொடுத்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்? மழை சரியா பெய்ஞ்ச வருஷத்துல மூட்டைக் கணக்குல யூரியாப் பாத்தி முந்தினதும் உண்டு. தண்ணி தட்டின வருஷத்துல எருப் பாத்தி கடைசியா வாடினதும் உண்டு. ரெண்டையும் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன். டீக்கடைக்கு அந்த நோட்டைக் கொண்டு போனா சத்தம் கொஞ்சம் குறையுது. "அந்த வருஷம் உளுந்து தெளிச்சியா? அறுப்புக்கு எத்தனை நாள் முன்னாடி?" என்று கேள்வி வர ஆரம்பிக்குது. எனக்கு வேண்டியது அதுதான்.

எதிர்க்கருத்தைக் கேளுங்கள் என்று சும்மா சொன்னால் அது உபதேசமாகப் போய்விடும். காதால் கேட்பது சுலபம். கேட்டுக்கொண்டே மனதுக்குள் பதிலைத் தயார் செய்துகொண்டிருப்போம். அதற்கு நம் நிலத்தில் ஒரு பாத்தியைக் கொடுத்து, நம் பயிருக்குப் பாய்ச்சும் தண்ணீரையே அதற்கும் பாய்ச்சுவது வேறு. அப்போதுதான் "ஏன் இப்படி ஆச்சு?" என்ற கேள்வி பிறக்கும். அந்தக் கேள்வி வந்துவிட்டால் நீங்கள் எந்தக் கட்சி என்பது அவ்வளவு முக்கியமாகத் தெரியாது.

மாடித்தோட்டம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். இரண்டு தொட்டி எடுத்துக்கோங்க. இரண்டிலும் ஆற்று மணல், கூட ஒரு கைப்பிடி வயல் மண். ஒரு தொட்டிக்குப் போடும் மணலையும் மண்ணையும் மட்டும் பழைய சட்டியில் போட்டு நன்றாக வறுத்து ஆறவிடுங்கள். இரண்டிலும் தட்டைப்பயறு நாலு விதை. எரு, உரம் எதுவும் வேண்டாம். கொதித்து ஆறிய தண்ணீர் மட்டும். நாற்பது நாள் கழித்து இலையின் நிறத்தைப் பாருங்கள். பிறகு செடியை மெதுவாகப் பிடுங்கி வேரை அலசி, முடிச்சு இருந்தால் ஒன்றை நகத்தால் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது உயிரோடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வறுத்த தொட்டியில் என்ன ஆகும் என்று இப்போதே ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். வீட்டில் உங்களோடு ஒத்துப்போகாத ஒருவர் இருப்பார் இல்லையா, அவரையும் எழுதச் சொல்லுங்கள். நாற்பதாவது நாள் இரண்டு தாளையும் பிரித்துப் பார்த்துவிட்டு, வந்தது என்ன என்று எனக்கும் ஒரு வரி போடுங்கள்.